கார் வாங்க வந்த கொம்பனி கைவிரித்தால்…

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஃபோன் எடுத்தாள். பூசைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் அவள் ஒருநாளும் எடுக்க மாட்டாள். ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

“அக்கா, அவையளுக்குக் கார் வேண்டாமாம்.”

அவளுடைய வெகன்ஆருக்கு ஒரு கொம்பனி விலை பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். போனட்டைத் திறந்தார்கள், புளூமெண்டால் வீதி வரை ஓடிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். “ஓகே மிஸ், நாங்க எடுக்கிறோம்” என்றார்கள். தங்கச்சி அன்றைக்கே இணையத்தில் போட்டிருந்த விளம்பரத்தை எடுத்துவிட்டாள். ஜம்பட்டா வீதியில் இருந்து வந்து கேட்ட ஒரு குடும்பத்துக்கு “விற்றாச்சு” என்று சொல்லிவிட்டாள். லீசிங்கில் மிச்சம் இருந்த காசைக் கட்டி முடிக்க இரண்டு சோடிக் காப்பை அடகு வைத்தாள். ஒன்பதாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: டிரெக்டர் அனுமதி தரவில்லை, சொறி.

“எழுத்தில என்ன இருக்கு?”

“ஒண்டும் இல்லை அக்கா.”

“அட்வான்ஸ்?”

“கேக்க ஒரு மாதிரிக் கிடந்தது.”

நான் அவளைப் பேசவில்லை. பேச எனக்கு வாயும் இல்லை. 2025இல் வெள்ளவத்தையில் எங்கள் பழைய விட்ஸை விற்கும்போது நானும் இப்படித்தான் மாட்டுப்பட்டேன். அது வேறு கொம்பனி. காசு தருகிற நாளன்று வந்து, பேசிய விலையில் நாலு இலட்சத்தைக் குறைத்தார்கள். கடற்காற்றில் காரின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதாம். பத்து நாளுக்கு முன் அதே ஆள்தான் கீழே படுத்து, டோர்ச் அடித்து, அதே அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியவர்.

எங்கள் இருவருடைய கதையையும் வைத்து, கார் விற்க நிற்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள். வேண்டியதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில், ஏன் பின்வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

“உடன் காசுக்கு வாகனம் வாங்கப்படும்” என்று பலகை போட்டிருப்பவர்கள் எல்லோரிடமும் உடன் காசு இருப்பதில்லை. பலர் உங்கள் காரைப் பேசி வைத்துவிட்டு, அதை வாங்க இன்னொருவரைத் தேடுகிறார்கள். அந்த ஆள் அகப்பட்டால் அவர் தருகிற காசில் உங்களுக்கு ஒரு பங்கு வரும், மிச்சம் அவர்களுடைய இலாபம். அகப்படாவிட்டால் டிரெக்டர் அனுமதி தர மாட்டார்.

அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் லீசிங்கில் வாங்குகிறவர். வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு போடுகிறது. அது இறுகினால் அவர் கையில் இருந்து போடவேண்டிய காசு கூடும். அவருடைய லீசிங் சரிவராவிட்டால் உங்களுடைய விற்பனையும் சரிவராது. கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் நின்று யோசித்தால் இது விளங்காது.

அடுத்தது விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புது வாகனம் வராத அந்த வருடங்களில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. அன்று தொடங்கி வரி, டொலர், கப்பலில் வருகிற கார் என்று ஒவ்வொரு செய்திக்கும் சந்தை ஏறி இறங்குகிறது. திங்கட்கிழமை பேசிய விலை அடுத்த திங்கள் அவர்களுக்கு நட்டமாகத் தெரிந்தால், எழுத்தில்லாத பேச்சை விழுங்குவது சுகம்.

கடைசி நேரத்தில் விலையைக் கடிப்பது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவில் ‘வீ பை எனி கார்’ என்ற பெரிய நிறுவனம் இணையத்தில் ஒரு விலை காட்டி, நேரில் கொண்டுபோனதும் குறைத்தது. அந்த நாட்டின் நியாய வர்த்தக அலுவலகம் இதை விசாரித்தது. விற்க வந்தவர்களில் 96 வீதமானவர்களுக்கு முதலில் காட்டிய விலை கிடைக்கவில்லை என்று கண்டது. 2011இல் நிறுவனம் தன் நடைமுறையை மாற்றுவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டி வந்தது. லண்டனில் இருக்கிற உங்கள் மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நிறுவனத்தின் விளம்பரப் பாட்டை அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. “நீங்கள் வாங்குகிறீர்களா, விற்றுத் தருகிறீர்களா?”

ஆட்கள் கேற்றுக்குள் வந்ததும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாங்குவது என்றால் அவர்களுடைய காசு, அவர்களுடைய திகதி, அவர்களுடைய கையொப்பம். விற்றுத் தருவது என்றால் அவர்கள் புரோக்கர்கள். புரோக்கர் வேலையில் தப்பில்லை. ஆனால் புரோக்கரின் ‘ஓகே’யை நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, விளம்பரத்தையும் எடுக்கக் கூடாது.

“காரைக் கொண்டுவந்து எங்கள் யார்டில் விடுங்கள், இரண்டு கிழமையில் காசு தருகிறோம்” என்றால் அது வாங்குவது இல்லை. உங்கள் காரைக் காட்சிக்கு வைப்பது. அப்படி விட விருப்பமானால் அதற்குத் தனியாக எழுத்து வேண்டும்: எத்தனை நாள், யார் ஓட்டலாம், கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, கொமிஷன் எவ்வளவு.

3. கொம்பனி உண்மையில் கொம்பனியா என்று பாருங்கள்

பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிட்டட்’ என்று இருந்தால் அது கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தனி ஆளின் வியாபாரம் என்றால் பிரதேச செயலகம் ஊடாகப் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு இருக்கும். அதன் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் காருக்குச் சேசி நம்பர் வரை கேட்கிறவர்களிடம் ஒரு பதிவு நம்பர் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வந்து கதைக்கிறவர் அந்தக் கொம்பனியில் யார் என்பதும் முக்கியம். பின்னால் சண்டை வந்தால் அவர்கள் சொல்லப்போகிற முதல் வசனம், “அந்தப் பொடியனுக்கு விலை முடிவு செய்ய அதிகாரம் இல்லை” என்பதுதான். “இந்த விலையை முடிவு செய்கிறவர் யார்? அவர் எனக்கு ஒரு மெசேஜ் போடட்டும்” என்று அன்றைக்கே கேளுங்கள்.

4. அட்வான்ஸ் கேட்பது பேராசை இல்லை

எங்கள் ஆட்களுக்கு இங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணி குடித்தவர், மரியாதையாகக் கதைத்தவர். அவரிடம் காசு கேட்பதா?

கேளுங்கள். இந்த நாட்டில் பொருள் விற்பனைக்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறது: 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன்படி, வெறும் வாய்ப்பேச்சில் நடந்த விற்பனையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. மூன்றில் ஒன்றாவது வேண்டும். வாங்குகிறவர் பொருளை, அல்லது அதில் ஒரு பகுதியை, ஏற்றுக் கையில் எடுத்திருக்க வேண்டும். அல்லது விலையில் ஒரு பகுதியாவது கொடுத்திருக்க வேண்டும். அல்லது ஒப்பந்தம் பற்றிய ஒரு குறிப்பு, பின்வாங்குகிறவரோ அவருடைய முகவரோ கையொப்பமிட்டதாக, எழுத்தில் இருக்க வேண்டும்.

என் தங்கச்சியிடம் மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை. “ஓகே மிஸ்” மட்டும் இருந்தது.

அட்வான்ஸ் வாங்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, சட்டம் கேட்கிற அடையாளம் கிடைக்கிறது. மற்றது, அவர்களுடைய காசு உங்களிடம் இருப்பதால் பின்வாங்க அவர்களுக்கும் ஒரு செலவு வருகிறது. இருபத்தையாயிரம் கொடுத்தவர் அதை விட்டுவிட்டுப் போவார். இரண்டு இலட்சம் கொடுத்தவர் ஒரு தடவை யோசிப்பார். காரின் விலையைப் பொறுத்து, அவர்களுக்கு வலிக்கிற அளவாகக் கேளுங்கள்.

வட்ஸ்அப், ஈமெயில் பேச்சுகளையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான செய்திகளுக்கும் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஃபோனில் பேசி முடித்ததும் நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கள்: “இன்றைக்குப் பேசியபடி விலை இவ்வளவு, காசு தருகிற திகதி இது, சரிதானே?” அவர்கள் “ஆம்” என்று போட்டால் உங்கள் கையில் ஒன்று இருக்கிறது.

5. ரசீதில் என்ன எழுத வேண்டும்?

முத்திரையும் தட்டச்சும் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கொப்பித் தாளில் எழுதினாலும் எழுத்து எழுத்துதான். இப்படி எழுதலாம்:

“இன்று (திகதி, நேரம்) இந்த இலக்க வாகனத்தை (பதிவு இலக்கம், சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம்) ரூபா … விலைக்கு வாங்க (கொம்பனியின் முழுப் பெயர், பதிவு இலக்கம், முகவரி) இணங்கி, அட்வான்ஸாக ரூபா … கொடுத்தது. வாகனத்தை … திகதியன்று பரிசோதித்து, உள்ள நிலையில் ஏற்றுக்கொண்டது. மிகுதிப் பணத்தை … திகதிக்கு முன் என் வங்கிக் கணக்கில் முழுதாகச் செலுத்திய பின்னரே வாகனமும் ஆவணங்களும் ஒப்படைக்கப்படும். வாங்குபவர் அத்திகதிக்குள் வாங்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது. நான் வேறு ஒருவருக்கு விற்கலாம். நான் விற்க மறுத்தால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருவேன்.”

இரண்டு பக்கமும் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், இரண்டு சாட்சி. இரண்டு பிரதி எழுதி ஆளுக்கு ஒன்று.

இதில் மூன்று இடங்களை விட்டுவிடாதீர்கள். ‘உள்ள நிலையில் ஏற்றுக்கொண்டது’ என்ற வரி இருந்திருந்தால் என் விட்ஸின் துரு பத்து நாள் கழித்து நாலு இலட்சமாக வளர்ந்திருக்காது. கடைசித் திகதி இல்லாவிட்டால் அவர்கள் ஒருநாளும் பின்வாங்க மாட்டார்கள், ‘வருகிறோம், வருகிறோம்’ என்று இழுப்பார்கள். அட்வான்ஸுக்கு என்ன நடக்கும் என்று எழுதாவிட்டால் அதுவே அடுத்த சண்டை.

அவர்கள் தங்களுடைய அச்சடித்த ஒப்பந்தத்தை நீட்டினால் உடனே கையொப்பம் வைக்காதீர்கள். பெரும்பாலும் அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். விளங்காத வரிக்குக் கீழே வைக்கிற கையொப்பம் பிறகு உங்களையே கட்டும். “வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று வாங்கி வையுங்கள். “இறுதி முடிவு நிறுவனத்துடையது”, “முன்னறிவித்தலின்றி விலை மாற்றப்படலாம்” என்று எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவர்கள் பின்வாங்கக் கட்டி வைத்த பின்கதவு. அந்த வரியை வெட்டி, பக்கத்தில் இருவரும் சிறு கையொப்பம் வைக்கலாம். உங்களுடைய ரசீதைத் தமிழில் எழுதலாம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

6. பரிசோதனை ஒரு தடவை, விலைக்கு முன்னால்

விலை பேசிய பிறகு பரிசோதனை என்றால் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு விலைக்குறைப்பு. பரிசோதனை முதலில், விலை பிறகு என்று வையுங்கள்.

அவர்கள் வருவதற்கு முன் நீங்களே ஒரு நல்ல கராஜில் காட்டி, குறைகளை எழுதி எடுங்கள். கடலோர மெரின் டிரைவ் பக்கம் நிறுத்துகிற காருக்கு அடியில் துரு இருக்கும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நிறுத்துகிற காருக்குப் பக்கக் கண்ணாடியிலும் பம்பரிலும் கீறல் இருக்கும். ஒளிக்க வேண்டாம். விபத்தில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது பிறகு வெளிப்பட்டால் அவர்கள் பின்வாங்கியதற்கு நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். நீங்கள் முதலே சொல்லிப் பட்டியலில் எழுதியதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க முடியாது.

7. காசு வரும்வரை கொடுக்கக் கூடாதவை

வாகனப் பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி. “ஆர்.எம்.வி.யில் (மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்) செக் பண்ண” என்று கேட்பார்கள். ஃபோட்டோ கொப்பி கொடுங்கள். மூலப்பிரதியைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

வெற்றுப் படிவத்தில் கையொப்பம். ‘ஓப்பன் பேப்பர்’ என்று எங்கள் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வது இதைத்தான். பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவத்தில் வாங்குகிறவரின் பெயர் இல்லாமலே உங்களிடம் கையொப்பம் வாங்கிவிடுவார்கள். கொம்பனி தன் பெயருக்கு மாற்றாமல் நேரே அடுத்த ஆளுக்கு விற்பதற்கு இது வசதி. உங்களுக்கோ ஆபத்து. கார் எங்கே ஓடினாலும், யாரை இடித்தாலும், பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் பெயருள்ள உங்களை. வாங்குகிறவரின் பெயர், இலக்கம், திகதி எல்லாம் நிரப்பிய பிறகே கையொப்பம். வைத்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாவி. ஒரு சாவியோடு ‘ஒருக்கால் கராஜில் காட்டிவிட்டு வருகிறோம்’ என்று கொண்டுபோனாலும், நீங்களோ வீட்டு ஆள் ஒருவரோ கூடப் போகவேண்டும்.

அடையாள அட்டைப் பிரதி கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அதன் மேலேயே குறுக்காக எழுதுங்கள்: “இந்த இலக்க வாகன விற்பனைக்கு மட்டும்”, கீழே திகதி.

காசு வந்து வாகனம் போகும்வரை காப்புறுதியையும் நிறுத்தாதீர்கள்.

8. லீசிங் மிச்சம் இருந்தால் இன்னும் கவனம்

என் தங்கச்சி அடிபட்டது இங்கேதான். லீசிங் முடியாத காரின் பதிவில் பைனான்ஸ் கொம்பனியின் பெயரும் இருக்கும். அதை எடுக்காமல் பெயர் மாற்ற முடியாது. “நீங்கள் லீசிங்கை முடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் வாங்குகிறோம்” என்று சொல்வது அவர்களுக்குச் சுகம். நகையை அடகு வைத்துக் கட்டியபின் அவர்கள் கைவிரித்தால் வட்டி ஓடுவது உங்கள் காப்புக்கு.

சரியான வழி இது. உங்கள் பைனான்ஸ் கொம்பனியிடம் செட்டில்மென்ட் கடிதம் எடுங்கள். எந்தத் திகதி வரை எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று அதில் இருக்கும். வாங்குகிறவர் அந்தத் தொகையை நேரடியாகப் பைனான்ஸ் கொம்பனிக்கே கட்டட்டும், மிகுதி உங்கள் கணக்குக்கு வரட்டும். ரசீதிலும் அப்படியே எழுதுங்கள். “நாங்கள் முதலில் கட்ட மாட்டோம்” என்றால் அட்வான்ஸ் தொகை கூட வேண்டும்.

பைனான்ஸ் கொம்பனியே விடுவிப்புப் பத்திரங்களை இழுத்தடித்தால், முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம்.

9. காசு வந்தது என்பது எப்போது?

உங்கள் வங்கிக் கணக்கில் நீங்களே பார்த்தபோது. அவர்கள் ஃபோனில் காட்டுகிற ஸ்கிரீன்ஷொட் காசு இல்லை. செக் கையில் இருப்பதும் காசு இல்லை. அது மாறி வரும்வரை சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். சனிக்கிழமை பின்னேரம் செக்கோடு வந்து, “இன்றைக்கே கார் வேண்டும்” என்று அவசரப்படுத்துகிறவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். இணைய வங்கியில் ஒரு தடவையில் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. ஆகவே இரண்டு மூன்று தடவையாக வரலாம். கடைசித் துண்டு வந்து சேரும்வரை பொறுங்கள்.

10. கைவிரித்துவிட்டார்கள். இனி?

முதல் நாள் அழலாம். சண்டை பிடிக்க வேண்டாம். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். “ஏன் வாங்கவில்லை என்று தயவுசெய்து மெசேஜ் போடுங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். கோபத்தில் ஃபோனில் கத்தினால் ஒன்றும் மிஞ்சாது.

கொடுத்தவற்றைத் திருப்பி எடுங்கள். புத்தகம், கையொப்பமிட்ட படிவம், சாவி எதையாவது வைத்துக்கொண்டு தராவிட்டால் உங்கள் பகுதிப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வாங்க மறுத்ததற்கு மட்டும் போனால், இது சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நம்பிக் கொடுத்த ஆவணத்தைத் தராமல் வைத்திருப்பதும், காசில்லாத கணக்கில் இருந்து செக் கொடுப்பதும் வேறு கதை. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது.

விளம்பரத்தை அன்றைக்கே திரும்பப் போடுங்கள். இது காசுக்காக மட்டும் இல்லை. நட்டஈடு கேட்பதானால், நீங்கள் நட்டத்தைக் குறைக்க முயன்றதைக் காட்ட வேண்டும். மூன்று மாதம் காரைப் பூட்டி வைத்துவிட்டு முழு விலையையும் கேட்க முடியாது.

நட்டத்தைக் கணக்கிடுங்கள். வாங்க மறுத்தால் பொதுவாகக் கேட்கக்கூடியது, பேசிய விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். அறுபது இலட்சத்துக்குப் பேசி, பிறகு ஐம்பத்தெட்டுக்குத்தான் விற்க முடிந்தது என்றால் உங்கள் கணக்கு இரண்டு இலட்சத்தில் தொடங்கும். அதற்குச் சாட்சியாக அதே வருடம், அதே மாடல் கார்களின் விளம்பரங்களைப் படம் எடுத்து வையுங்கள். விலை ஏறியிருந்தால் சண்டையை விட்டுவிட்டுக் கூடின விலைக்கு விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடிதம் எழுதுங்கள். முதலில் நீங்களே, பதிவுத் தபாலில், பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து. அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். அனேகமான கொம்பனிக்காரர்கள் இந்த இடத்தில் கதைக்க வருவார்கள்.

மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறவை இவை. சட்டத்தரணி இல்லாமல் நேரில் போய், பெரிய செலவின்றி, முகத்துக்கு முகம் பேசித் தீர்க்கலாம். ஒரு வரம்புக்குட்பட்ட பணத் தகராறுகள் நீதிமன்றம் போவதற்கு முன் இங்கேதான் வரவேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதோடுதான் வழக்கு.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். ஆவணங்களைக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

பலர் முதலில் 1977க்கு, நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு, ஃபோன் எடுப்பார்கள். அந்த அதிகாரசபையின் சட்டம் பொருளையும் சேவையையும் காசு கொடுத்து வாங்குகிறவரைக் காக்க எழுதப்பட்டது. இங்கே நீங்கள் விற்கிறவர். ஆனால் பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்குகிற எக்ஸ்சேன்ஜ் பேச்சில் உங்களை ஏமாற்றியிருந்தால், அல்லது பரிசோதனைக் கட்டணம் என்று உங்களிடம் காசு வாங்கியிருந்தால், அங்கே நீங்கள் நுகர்வோர். அப்போது தயங்காமல் எடுங்கள்.

காலமும் ஓடுகிறது. எழுதிய ஒப்பந்தத்தின் மீது வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. எழுதாததற்கு மூன்று வருடம்தான்.

11. நீங்களும் பின்வாங்காதீர்கள்

இதைச் சொல்லாவிட்டால் அக்கா நியாயக்காரி இல்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு வேறொருவர் ஐம்பதாயிரம் கூடத் தருகிறார் என்று மனம் மாறுகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். கொம்பனிக்காரர் செய்தால் மோசடி, நாங்கள் செய்தால் கெட்டித்தனம் என்று ஒரு கணக்கு உலகத்தில் இல்லை. கையொப்பம் வைத்தால் அந்தத் திகதி வரை அந்த விலைதான்.

12. விற்ற பிறகு ஒரு கடைசி வேலை

காசு வந்து, கார் போன அன்றைக்கே, விற்றவர் அறிவிக்கிற எம்.டி.ஏ. 8 படிவத்தை நிரப்பி ஆர்.எம்.வி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை ரசீதோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வாங்கினவர் பெயர் மாற்றினாரா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி கதைக்கு வருவோம். ஜம்பட்டா வீதிக் குடும்பம் அதற்குள் வேறு கார் வாங்கிவிட்டது. கொம்பனிக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுத்தும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. விளம்பரத்தைத் திரும்பப் போட்டு, மூன்று கிழமை கழித்து, முதல் பேசியதைவிட ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் குறைவாக ஒரு ஆசிரியருக்கு விற்றாள். காப்பை மீட்க வட்டி வேறு.

அந்த ஆசிரியர் வந்த அன்று, பக்கத்தில் நான் இல்லை. அவளே தனியாக நின்று, நாக்கு ஒட்டாமல், “சேர், அட்வான்ஸ் தந்தால்தான் விளம்பரத்தை எடுப்பேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் முகம் சுளிக்கவில்லையாம். “ரசீது தருவீங்கள்தானே, பிள்ளை?” என்று மட்டும் கேட்டாராம்.

வாங்குகிற மனம் உள்ளவர் அட்வான்ஸ் கேட்டால் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவருக்கு உங்கள் காரை விற்கவும் வேண்டாம்.